பூச்சாண்டிக்குப் பள்ளியில் இடம் உண்டா?

நம் நாட்டுக் குழந்தை முதன்முதலாகக் கற்கும் பாடம் எது? அகரம் என்பார் சிலர். அம்மா என்னுஞ் சொல் என்பார் வேறு சிலர். இரண்டும் அன்று. அச்சமே அதன் முதற்பாடம். ஏட்டைத் தொடுமுன், எண்ணைச் சொல்லுமுன், 'பூச்சாண்டி வருகிறான்' என்பதை அது கற்றுக்கொள்கிறது. சோறு உண்ண மறுத்தால் பூச்சாண்டி. உறங்க மறுத்தால் மூன்று கண்ணன். வாயிற்படி தாண்டினால் பிள்ளை பிடிக்கிறவன். இருட்டில் கொல்லைப்புறம் போனால் புளியமரத்துப் பேய். இப்பாடத்தை நடத்துவோர் பகைவரல்லர். பெற்ற தாயும், வளர்த்த பாட்டியும், களைத்து வீடு திரும்பிய தந்தையுமே. கையில் பிரம்பு இல்லாத வேளையில் அவர்களுக்குப் பூதம் துணை. பூதம் பலிக்காத வயது வந்ததும் பிரம்பு துணை.

இன்று நாம் எழுதப் புகுவது இந்தப் பூதத்தைப் பற்றியே. அதை நாட்டைவிட்டு ஓட்டவேண்டுமென்று எழுத வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டுமென்று எழுத வந்திருக்கிறோம். 'நாட்டில் எழுத வேறு விஷயம் இல்லையா?' என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். கட்சியை முழுதுங் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுமாறு அவர்களை வேண்டுகிறோம். வழக்காடிப் பழகிய நமக்கு அதற்கு மேற்பட்ட சலுகை வேண்டுவதில்லை.

விஷயம் இதுதான். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஒரே பொருளை நடுவில் வைத்து, மொழி, கணக்கு, இயற்கைப் பாடம், சரித்திரம், சித்திரம், பாட்டு, நல்லொழுக்கம் ஆகிய யாவும் அதிலிருந்து கிளைக்கும்படி கற்பிப்பது ஒரு முறை. நடுப்பொருள் மழையாக இருக்கலாம், சந்தையாக இருக்கலாம், ஆலமரமாக இருக்கலாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாலர் வகுப்பு ஆசிரியர் பலர் பூதத்தையே நடுப்பொருளாக்கிப் பாடம் நடத்துகின்றனர். ஒவ்வொரு குழந்தையும் தனக்கென ஒரு பூதத்தைப் படைக்கிறது, அதற்குப் பெயரிடுகிறது, அதன் கால்களை எண்ணுகிறது, அதன் உணவையும் உறைவிடத்தையும் ஆராய்கிறது, அதன் கதையை எழுதுகிறது. இரண்டு வாரங் கழித்துப் பார்த்தால், குழந்தை ஆறு பாடங்களைக் கற்றிருக்கிறது. ஏழாவதாக, அஞ்சாமையையும் சிறிது கற்றிருக்கிறது. அந்த ஏழாவது பாடத்திற்காகவே நாம் பேனா எடுத்தோம்.

இவ்வழக்கத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1963இல் அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் ஒரு சிறு படப்புத்தகம் வெளியிட்டார். குறும்பு செய்து, இரவு உணவின்றிப் படுக்கைக்கு அனுப்பப்பட்ட மாக்ஸ் என்னுஞ் சிறுவன், பூதங்கள் வாழும் இடத்திற்குப் படகேறிச் செல்கிறான், கண்ணிமையாமல் உற்றுநோக்கி அவற்றை அடக்குகிறான், அவற்றிற்கு அரசனாகிறான், பின்பு வீட்டு நினைவு வந்து திரும்புகிறான். அவனுடைய உணவு சூடு ஆறாமல் காத்திருக்கிறது. இவ்வளவே கதை. செண்டாக் முதலில் வரைய எண்ணியது காட்டுக் குதிரைகளை. குதிரை வரையும் திறம் தமக்குப் போதாமையால் பூதங்களை வரைந்தார். பூதங்களுக்கு முகம் எங்கிருந்து கிடைத்தது? சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் தம் வீட்டிற்கு வந்து, கன்னத்தைக் கிள்ளி, 'அப்படியே தின்றுவிடலாம் போலிருக்கிறது' என்று கொஞ்சிய மாமன்மார், அத்தைமார் முகங்களே அவை என்று அவரே பிற்காலத்தில் கூறினார். குழந்தை காணும் பூதத்தில் பெரியவர்களின் சாயல் இருக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்புத்தகத்திற்கு 1964இல் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. ஆயினும் குழந்தைகள் நடுங்கிப்போவார்கள் என்ற கூக்குரலும் எழுந்தது. பெயர்பெற்ற உளநூலாராகிய புரூனோ பெட்டல்ஹைம் 1969இல், புத்தகத்தைத் தாம் படியாமலே, பிறர் சொல்லக் கேட்டுக் குறைகூறி எழுதினார். அவரே 1976இல் வெளியிட்ட பெருநூலில், அரக்கரும் சூனியக்காரிகளும் நிறைந்த பழங்கதைகள் குழந்தையின் உள்ளத்திலுள்ள உருவமற்ற அச்சத்திற்கு உருவங்கொடுத்து ஆற்றுகின்றன என்று வாதித்தார். அறிஞர் தீர்ப்பு மாறுவதற்கு ஏழாண்டு பிடித்தது. குழந்தைகளோ முதல் நாளே தீர்ப்பு வழங்கிவிட்டார்கள்.

அதே 1969இன் நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் பாலர் நிகழ்ச்சி தொடங்கிற்று. அதில் எழுத்தையும் எண்ணையும் கற்பிக்க வந்த பொம்மைகளில் பல பூதங்களே. 1972இல் எண்ணுவதையே பித்தாகக் கொண்ட இரத்தக்காட்டேரிப் பிரபு ஒருவன் அக்கூட்டத்தில் சேர்ந்தான். கழுத்தைக் கடிக்கவேண்டியவன், கண்ணிற் பட்டவற்றையெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் களிக்கிறான். 1999இல் இங்கிலாந்தில் ஜூலியா டொனால்ட்சன் எழுத, ஆக்ஸல் ஷெஃப்லர் படம் வரைந்த 'கிரஃபலோ' வெளிவந்தது. அதில் ஒரு சுண்டெலி, தன்னைத் தின்ன வருபவற்றை விரட்ட ஒரு பூதத்தைக் கற்பித்துச் சொல்கிறது. சொன்ன பூதமே எதிரில் வந்து நிற்கும்போது அதையும் அறிவால் வெல்கிறது. புலியின் அச்சத்தைக் கடன்வாங்கிய நரியைப் பற்றிய சீன நாட்டுப் பழங்கதையே இதற்கு வித்து. இம்மூன்றிலும் பொதுவாகிய செய்தி ஒன்றுண்டு: பூதம் குழந்தையை ஆளவில்லை; குழந்தை பூதத்தை ஆள்கிறது.

பிற நாட்டார் செய்வதையெல்லாம் நாம் பின்பற்றவேண்டுமா என்று கேட்பவர்க்கு ஒன்று சொல்வோம். ஒரு பொருளை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் இணைப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையைப் பற்றி எழுதினார் என்பது உண்மையே. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும், அதனை ஜாகீர் உசேன் குழுவினர் விரித்தெழுதிய திட்டமும் இணைப்பு முறையையே உயிராகக் கொண்டவை. இராட்டை நடுவில் இருந்தது. நூலின் நீளத்திலிருந்து கணக்குப் பிறந்தது. பஞ்சிலிருந்து பயிர்நூலும் பூகோளமும் பிறந்தன. துணியின் கதையிலிருந்து தேசத்தின் கதை பிறந்தது. கைத்தொழிலுக்குரிய உறுதி விரலில் ஏறாத ஐந்து வயதுக் குழந்தைக்குக் கற்பனையே கைத்தொழில். அதன் இராட்டை அதன் மனம். அதிலிருந்து நூற்கப்படும் நூலே பூதம்.

பாடம் எவ்வாறு நடக்கும் என்பதை இனி விளக்குவோம். முதலில் மொழி. முதல் நாள் குழந்தை தன் பூதத்தைச் சிலேட்டிலோ தாளிலோ வரைகிறது. மறுநாள் அதைச் சொற்களால் விவரிக்கிறது. எழுதத் தெரிந்தது எழுதுகிறது. தெரியாதது சொல்ல, ஆசிரியர் எழுதிக்கொள்கிறார். படத்தை மறைத்து வைத்துவிட்டு, விவரத்தை மட்டும் அடுத்த வகுப்பிற்கு அனுப்பவேண்டும். அங்குள்ள குழந்தை அதைப் படித்துப் பூதத்தை வரையவேண்டும். பின்பு இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். சிரிப்பிற்குக் குறைவிராது. 'பெரிய வாய்' என்று எழுதியிருந்தது, எவ்வளவு பெரியது? 'கொம்பு உண்டு' என்றிருந்தது, எத்தனை கொம்பு? நெற்றியிலா, முதுகிலா? சொல் தெளிவாக இல்லாவிடில் பொருள் பிறழும் என்பதை ஆறு வயதிலேயே கண்ணாரக் காண்கிறது குழந்தை. தெளிவற்ற ஒரு சொல்லினால் முளைத்து, மூன்று தலைமுறை நீதிமன்றத்தில் வாழ்ந்த பத்திரங்களை நாம் கண்டிருக்கிறோம். அவற்றை எழுதியோர் பாலப் பருவத்தில் ஒரு பூதத்தை விவரித்துப் பழகியிருப்பின், அக்குடும்பங்கள் பல காணி நிலத்தைக் காப்பாற்றியிருக்கும்.

தமிழுக்கே உரிய இன்பம் வேறும் உண்டு. பூதம் எப்படி நடக்கிறது? தடதடவென்று. எப்படிப் பல்லைக் கடிக்கிறது? நறநறவென்று. கண் எப்படி மின்னுகிறது? பளபளவென்று. இரட்டைக்கிளவி முழுவதும் ஒரு மணி நேரத்தில் ஊர்வலம் வந்துவிடும். 'பூதம் வந்தது' என்கிறோம். 'பூச்சாண்டி வந்தான்' என்கிறோம். ஏன் இந்த வேறுபாடு? திணையும் பாலும் பற்றி இதனினும் நல்ல கேள்வியை எந்த இலக்கண ஆசிரியர் எழுப்புவார்? தான் படைத்த பூதம் அவனா, அவளா, அதுவா என்று குழந்தைகள் தமக்குள் வாதிடட்டும். அந்த வாதமே இலக்கணம்.

அடுத்தது கணக்கு. பத்துத் தலையும் இருபது கையும் உடைய ஓர் உருவம் நம் குழந்தைகளுக்குப் புதிதன்று. கண்கள் எத்தனை? இருபது. கை விரல்கள் எத்தனை? நூறு. வாய்க்கு மூன்று இட்டலி வீதம் காலைப் பலகாரத்திற்கு எத்தனை இட்டலி வேண்டும்? வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்தும் பெருக்கலின் பொருள் விளங்காத பிள்ளைக்கு இவ்விட்டலி விளக்கிவிடும். பாரதத்தில் பகாசுரனுக்கு ஊரார் முறைவைத்து வண்டிச் சோறு அனுப்பிய கதை உண்டு. முப்பது வீடுள்ள ஊரில், நாளுக்கொரு வீடாக முறை வந்தால், ஒரு வீட்டிற்கு மீண்டும் முறை வருவது எந்நாள்? கணக்குத் தீர்ந்தபின் ஆசிரியர் வேறொரு கேள்வியும் கேட்கலாம்: முறைவைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பது நியாயமா, எல்லாருங் கூடி எதிர்ப்பது நியாயமா? கணக்குப் பாடம் குடிமைப் பாடமாக மாறும் இடம் அது.

பள்ளி முற்றத்தில் கோலமாவினால் பூதத்தின் அடிச்சுவடு ஒன்றைப் பெரிதாக வரைந்துவிட்டு, அதன் நீளத்தைச் சாணால் அளக்கச் சொல்லவேண்டும். ஒரு குழந்தைக்கு ஒன்பது சாண் வரும். மற்றொன்றுக்கு எட்டு வரும். ஆசிரியருக்கு ஆறு வரும். சுவடு ஒன்றே, அளவு ஏன் மூன்று? கைகள் வேறு வேறு என்பதைக் குழந்தையே கண்டு சொல்லும். அப்பொழுது அளவுகோலை எடுத்துக் கொடுத்தால், எல்லார்க்கும் பொதுவான அளவு எதற்காக ஏற்பட்டது என்பது ஒரு நாளும் மறவாது.

இயற்கைப் பாடத்தில் பூதத்திற்கு இருக்கும் உரிமையை நம் மொழியே வழங்கியிருக்கிறது. நிலம், நீர், தீ, வளி, வான் என்னும் ஐந்தையும் நம் முன்னோர் பூதம் என்றே அழைத்தனர். அச்சுறுத்தும் உருவத்திற்கும் உலகத்தின் மூலப்பொருளுக்கும் ஒரே பெயர். நீர்ப் பூதம் எது, தீப் பூதம் எது என்று தொடங்கினால், நீர் ஆவியாவதும், காற்றில்லாமல் சுடர் அணைவதும் கதையாகவே வந்து சேரும். பின்பு ஒவ்வொரு குழந்தையின் பூதத்தையும் விசாரணைக்கு அழைக்கவேண்டும். உன் பூதம் நீருக்குள் வாழுமாயின் மூச்சுவிடுவது எப்படி? மீனுக்குச் செவுள் இருக்கிறது. அதற்கு என்ன இருக்கிறது? இரவில் இரை தேடுமாயின் ஆந்தைக்கு இருப்பதுபோல் பெரிய கண் வேண்டாமா? புல் தின்னுமாயின் கோரைப் பல் எதற்கு? மாட்டின் பல்லையும் நாயின் பல்லையும் பார்த்து வா. பொய்யான பூதத்தைச் சரியாக அமைக்கப் புகுந்த குழந்தை மெய்யான உயிர்களை உற்றுநோக்கத் தொடங்கிவிடும்.

எல்லாவற்றிலும் சிறந்தது நிழற்பாடம். அறையின் சன்னல்களைச் சாத்தி ஒரு விளக்கை ஏற்றிவையுங்கள். குழந்தை தன் கையை விளக்கின் அருகே கொண்டு சென்றால் சுவரில் நிழல் பெருத்து எழும். சுவரின் அருகே கொண்டு சென்றால் சிறுத்து ஒடுங்கும். சுவரில் ஆடும் அந்தக் கரிய பூதம் தன் ஐந்து விரலே என்று கண்டறிந்த குழந்தை, ஒளிநூலின் முதல் விதியை மட்டுமா கற்றது? இருட்டின் இரகசியத்தையும் கற்றுவிட்டது.

சரித்திரத்திற்கும் சித்திரத்திற்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. நம் கோயில் விமானங்களில் கூரைச் சிற்பத்தின் கீழே வரிசையாக அமைந்த பூதகணங்களைத் தலைநிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்? பானை வயிறும் குட்டைக் காலுமாக, ஒன்று மத்தளங் கொட்டுகிறது, ஒன்று கூத்தாடுகிறது, ஒன்று பல்லை இளிக்கிறது. அச்சுறுத்தும் பூதமன்று அது; நகைக்கும் பூதம். மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று வழங்கும் பல்லவர் பாறைச் சிற்பத்தைச் சுற்றி யாளி முகங்கள் வளைந்து நிற்கின்றன. அவை எத்தனை என்று எண்ணச் சொல்லலாம். யாளியில் சிங்கம் எவ்வளவு, யானை எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லலாம். கல்தச்சன் தானறிந்த விலங்குகளைக் கூட்டித் தானறியாத ஒன்றைப் படைத்தான். குழந்தை தாளில் செய்வதும் அதுவே.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துப் பூதசதுக்கம் வருகிறது. அங்கே நின்ற பூதம் சோறுண்ண மறுத்த குழந்தையைத் தேடி வந்ததன்று. பொய்த் தவத்தோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் முதலியோரையே நான்கு காதம் கேட்கும் குரலெடுத்து அழைத்துக் கயிற்றால் கட்டி உண்ணும் என்கிறார் இளங்கோவடிகள். பண்டைத் தமிழர் தம் பூதத்தை நியாயத்தின் காவலுக்கு வைத்தனர். நாமோ அதனைப் பதவியிறக்கி, பாலுஞ் சோறும் ஊட்டும் வேலைக்கு வைத்திருக்கிறோம்!

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். பூதத்தைப் பற்றிப் பேசினால் அச்சம் வளராதா என்பது முதல் ஆட்சேபம். பேசாமல் விட்டால் அச்சம் தேயும் என்பதற்குச் சான்று உண்டா? நமக்கு நெருங்கிய ஒரு வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பொழுது சாய்ந்தால் கிணற்றடிப் பக்கம் காலெடுத்து வையாது. 'அங்கே ஒன்றுமில்லை' என்று பலகாலும் சொல்லிப் பார்த்தனர், பயனில்லை. பள்ளியாசிரியையாகிய அதன் சிற்றன்னை ஒரு தாளைக் கொடுத்து, 'கிணற்றடியில் இருப்பதை வரைந்து காட்டு' என்றாள். குழந்தை நெடுநேரம் யோசித்து மூன்று கால் வரைந்தது, ஒரு வால் வரைந்தது, வாலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையில் வைத்தது, தானே சிரித்துவிட்டது. மறுநாள் மாலை, 'அதற்குச் சாப்பாடு யார் போடுவார்?' என்று கேட்டுக்கொண்டு சிற்றன்னையின் கையைப் பிடித்தபடி கிணற்றடிக்குச் சென்றது. ஒன்றுமில்லை என்னும் மறுப்பு செய்யாததை ஒரு வால் செய்தது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். நம் மாகாணத்துப் பாலர் கல்வி அவருக்குப் பெரிதும் கடன்பட்டது. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைக்குக் கற்பனைக் கதைகளைவிட மெய்யுலகத்தின் பொருள்களே முதலில் வேண்டும் என்பது அவர் கொள்கை. மெய் எது, பொய் எது என்று பிரித்தறியாத பருவத்தில் பெரியோர் தம் கற்பனையைத் திணிப்பது தகாது என்று அவர் அஞ்சினார். அவ்வச்சத்தை நாம் மதிக்கிறோம். பெரியவர் படைத்த பூதத்தைக் குழந்தைமேல் ஏவுவதையே நாமும் கண்டிக்கிறோம். குழந்தை தானே படைத்த பூதம் வேறு. அதன் கால்களை ஒட்டியது தானே என்று குழந்தைக்குத் தெரியும். ஆயினும் மூன்று நான்கு வயதினர்க்கு இம்முறை வேண்டா என்றும், ஐந்திற்கு மேலும் கண்ணாற் காணும் பொருளையும் கையால் அளக்கும் பொருளையும் விட்டுப் பூதம் விலகிப்போகலாகாது என்றும் அம்மையார் சொல்லிலிருந்து நாம் எச்சரிக்கை பெறவேண்டும்.

இது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது மூன்றாவது. மூடநம்பிக்கை விசாரணையைப் பொறாது. பேயை நம்புகிறவன் அதற்கு எத்தனை பல் என்று எண்ணத் துணிவதில்லை. எண்ணத் துணிந்த குழந்தை நம்பிக்கையின் வேரில் கைவைத்துவிட்டது. குறுக்கு விசாரணையில் நிற்காத சாட்சிகளில் பேயைப்போல் விரைவில் தடுமாறுவது வேறில்லை.

எனினும் சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடுவோமாயின் நம் கடமையில் தவறியவராவோம். முதலாவது, பூதம் எவர் சாயலிலும் இருத்தல் கூடாது. நம் கதைப்படங்களைப் பாருங்கள். அரக்கன் என்றால் கருநிறம். தேவன் என்றால் வெண்ணிறம். அரக்கனுக்குச் சுருள் மயிர், தடித்த உதடு. அப்படத்தைப் பார்த்த வகுப்பில், கறுத்த மேனியுடைய குழந்தை அன்று முதல் என்ன பெயர் பெறும் என்று நாம் சொல்லவேண்டுமா? கால் ஊனமுற்ற குழந்தையும், மாறுகண் உடைய குழந்தையும், சேரியிலிருந்து வரும் குழந்தையும் அமர்ந்திருக்கும் அறையில், பூதத்திற்கு எந்த உருவம் கொடுக்கிறோம் என்பது சிறிய விஷயமன்று. ஆகவே பூதம் பச்சையாக இருக்கட்டும். நீலமாக, கோடுபோட்டதாக, புள்ளி வைத்ததாக இருக்கட்டும். மனிதருள் எவனையும் பூதமாக்கக் கற்றுக்கொடுக்கும் பாடம், ஆறு பாடங்களைக் கற்பித்தாலும் ஏழாவதைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, மெய்யாகவே நடுங்கும் குழந்தையை வற்புறுத்தலாகாது. அது பூதத்திற்குப் பதில் பூனையை வரையட்டும். மூன்றாவது, பாடத்தின் ஒழுங்கு பூதத்தின் கூத்தில் மறைந்துபோகலாகாது. கூட்டல் அறியாத குழந்தைக்குப் பெருக்கல் பூதத்தால் வந்துவிடாது. எழுத்தறிவிற்கு நாள்தோறும் செய்யவேண்டிய பயிற்சிக்குப் பதில் எதுவுமில்லை. சுவர் நிறையப் படம் ஒட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல் முடிந்த வகுப்புகள் எந்நாட்டிலும் உண்டு. பூதம் பாடத்தைச் சுமக்கவேண்டும். பாடம் பூதத்தைச் சுமக்கலாகாது.

நம் பள்ளிகளுக்கு இது இயலுமா என்பார்க்கு, வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது என்போம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்பு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஒப்பித்தலின் பிடியைத் தளர்த்திற்று. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குக் கதையையும் பாட்டையும் செயலையும் கொண்டுவந்தது. செலவு என்ன? களிமண், பழைய செய்தித்தாள், பனையோலை, கோலமாவு, ஒரு விளக்கு. வேண்டுவது பணமன்று, ஆசிரியர்க்குச் சிறிது ஓய்வும், மேலதிகாரிகளுக்குச் சிறிது பொறுமையுமே.

இவ்வளவும் எதற்காக? 2018ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை வாசகர் மறந்திரார். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசிகளில் பரவியிருந்த வதந்தி ஊரைக் கவ்வியிருந்தது. கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் காட்டுமிராண்டிகளல்லர், நம்மைப் போன்ற குடும்பத்தாரே. அவர்களும் ஒருகாலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள்; 'பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான்' என்று கேட்டு வளர்ந்தவர்கள். கண்ணாற் காணாததை விசாரியாமல் நம்பக் கற்றவன், கண்ணெதிரே நிற்கும் கிழவியைப் பூதமாகக் காண்பது வியப்பன்று. கொலைக்குக் காரணம் இது ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் ஒருவனேனும் 'யார் பார்த்தது? எங்கே? எப்பொழுது?' என்று கேட்கப் பழகியிருந்தால், அம்மூதாட்டி கோயிலைக் கண்டு வீடு திரும்பியிருப்பார். அந்தக் கேள்விகளைத்தான் ஆறு வயதில், ஒரு தாள் பூதத்தை முன்னிறுத்திக் கேட்கப் பழக்கவேண்டுமென்கிறோம்.

பள்ளியில் குழந்தையை உடலால் வருத்துவதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் பள்ளி வாசல் வரை வரும். வீட்டு அடுக்களைக்குள் வாராது. அங்கே பூச்சாண்டியின் ஆட்சி நடந்துகொண்டே இருக்கிறது. அதை நீக்கும் அதிகாரம் நம் கையிலேதான் உண்டு.

ஆகையால் தந்தையரே, தேசத் தொண்டர்களே, உங்களை வேண்டிக்கொள்கிறோம். மேடையில் அஞ்சாமையைப் பேசிவிட்டு, வீட்டிற்கு வந்து, 'பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்' என்று சொல்லும் வாய் நம்முடையதாக இருத்தல் வேண்டா. பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்றோர், மதிய உணவையும் சுற்றுச்சுவரையும் பற்றிப் பேசுவதோடு நில்லாமல், முதல் வகுப்பில் குழந்தை சிரிக்கிறதா, கேள்வி கேட்கிறதா என்றும் விசாரியுங்கள். ஆசிரியர் ஒருவர் பூதத்தை வைத்துப் பாடம் நடத்தினால், விளையாட்டென்று இகழாதீர்கள். இன்றிரவு உங்கள் குழந்தை இருட்டைக் கண்டு ஒதுங்குமாயின், அதட்டவும் வேண்டா, நகைக்கவும் வேண்டா. ஒரு தாளும் ஒரு வண்ணக்குச்சியும் கொடுத்து, 'எத்தனை கால் என்று எண்ணிச் சொல்' என்று கேளுங்கள். எண்ணத் தொடங்கிய குழந்தை அச்சத்தை விடத் தொடங்கிவிட்டது. அத்தகைய குழந்தைகள் வளர்ந்து குடிமக்களாகும் நாட்டில், வதந்தியாலும் மிரட்டலாலும் ஆளுவது எவர்க்கும் எளிதாயிராது.